பர்ராக் நிமிர்ந்து நிற்க ஒரு கூடாரம்

பர்ராக் எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். குனிய வேண்டிய வாசலிலும் குனிவான், குனிய வேண்டாத வாசலிலும் குனிவான். பள்ளிக்கூடத்து நாட்களிலேயே கிடுகிடுவென்று வளர்ந்து, நிலைப்படி, விளக்கு, மின்விசிறி என்று அகப்பட்டதில் எல்லாம் முட்டி வாங்கிய தலை அது. அவன் கல்யாண மண்டபத்து வாசலில் லாரியே நுழையலாம். அதிலும் மாப்பிள்ளை குனிந்து வந்ததைப் பார்த்துப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

மணமேடையில் இருந்த லுல்வா சிரிக்கவில்லை. அவள் அவன் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடுகிற ஆள். "உனக்குக் குறைச்சதை எல்லாம் அல்லாஹ் அவருக்குக் கொடுத்துட்டான்டி" என்று அக்கா காதைக் கடித்தபோதும் அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதன் நிமிர்ந்தால் எப்படி இருப்பான்? அந்தக் கேள்வி அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

குவைத்தில் வெயில் தணிந்து முதல் குளிர்காற்று வந்துவிட்டால் போதும், ஜனங்களுக்கு வீடு பிடிக்காது. பளிங்கு பாவிய வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, பாலைவனத்தில் துணிக்கு அடியில் படுக்கப் போவார்கள். பர்ராக்கின் அண்ணன்கள் மூவரும் அந்தப் பைத்தியத்தில் தலைசிறந்தவர்கள். மூத்தவர் ஃபைஹான் இரண்டு மாதம் முன்னாலிருந்தே கயிறும் முளைக்குச்சியும் பேசிக்கொண்டிருந்தார். பர்ராக் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

ஒரு நாள் காலை தேநீரின்போது லுல்வா கேட்டேவிட்டாள். "என்ன விஷயம்? முகாம்னாலே உங்க முகம் செத்துப் போகுது."

"இந்த வருஷம் வரலேன்னு சொல்லிடலாம்னு பார்க்கறேன்."

"ஏன்?"

பர்ராக் கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினான். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. பிறகு சொன்னான். விருந்தாளிகள் வந்து உட்காரும் பெரிய கூடாரம் அப்பாவுடையது. அப்பா குட்டையான மனிதர், காற்றுக்குப் பயந்து கூடாரத்தையும் குட்டையாகத்தான் போட்டு வைத்திருந்தார். அப்பா போனபிறகும் அண்ணன் அதில் ஒரு நூலை மாற்றவில்லை. அந்த வீட்டில் காப்பி ஊற்றுவது கடைசிப் பிள்ளையின் வேலை. இடது கையில் காப்பிப் பானை, வலது கையில் குவளை, வந்தவர்கள் போகும் வரைக்கும் ஊற்றுகிறவன் உட்காரக்கூடாது. அந்தக் கடைசிப் பிள்ளை பர்ராக். கூரையில் தலை தட்டுகிற கூடாரத்துக்குள், மாலை முழுவதும் கேள்விக்குறி மாதிரி வளைந்து நிற்க வேண்டும். போன வருஷம் முதுகு அப்படியே பிடித்துக்கொண்டது. வண்டியின் பின்பக்கம் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 'ஒட்டகத்தை இப்படித்தான் ஏத்துவாங்க' என்று ஒரு மாதம் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"தொழுகைக்கும் உள்ளே நிக்க முடியாது. எல்லாரும் வரிசையா உள்ளே தொழுவாங்க, நான் தனியா வெளியில காத்துல தொழுவேன். படுத்தா கால் வெளியில. மாவு மூட்டைச் சாக்கை மாட்டிக்குவேன். ஒரு நாள் விடிகாலைல யாரோ கால்மாட்டுல இழுக்கறாங்கன்னு பார்த்தா, ஆடு. சாக்கைத் தின்னுட்டிருக்கு."

லுல்வா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? அப்பா கூடாரம் எனக்குப் பத்தலைன்னா?" அவன் குவளையைக் கீழே வைத்தான். "போகலேன்னா அண்ணன் மனசு ஒடிஞ்சிடும். போனா என் முதுகு ஒடிஞ்சிடும்."

"குனியறதை அல்லாஹ்வுக்கு மட்டும் வெச்சுக்குங்க" என்றாள் லுல்வா. "நமக்குன்னு ஒரு கூடாரம் வாங்கிட்டா தீர்ந்தது. நீங்க நிக்கிற மாதிரி, நீங்க படுக்கிற மாதிரி. அண்ணன் கூடாரத்துல காப்பி ஊத்திட்டு வந்து, நம்ம கூடாரத்துல முதுகை நீட்டிக்கலாம்."

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! லுல்வா கடற்கரைக் குடும்பத்துப் பெண். அவள் அப்பாவுக்கு மீன்பிடிப் படகுகள். குளிர்காலம் என்றால் அவர்களுக்குக் கடலோரத்து வீடுதான், பாலைவனத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பர்ராக்குக்கோ பாலைவனம் பிறந்த வீடு. அவனாவது யோசித்திருக்கலாம். ஆனால் முதுகை நீட்டலாம் என்று பெண்டாட்டி சொன்ன பிறகு எந்த ஆண்பிள்ளை யோசித்தான்?

மறுநாள் கூடாரச் சந்தைக்குக் கிளம்பும்போது லுல்வா வீட்டு மெத்தையைச் சுருட்டிக் காரில் ஏற்றினாள்.

"இது எதுக்கு?"

"உப்புச் சப்பு பார்க்காம மீன் குழம்பு வாங்குவாங்களா?"

கடைக்காரர் அபூ ஜாபிர் பர்ராக்கை அண்ணாந்து பார்த்தார். தொழில்காரர் அல்லவா, ஆச்சரியத்தை உடனே மறைத்துக்கொண்டார். குவிந்த வடிவத்தில் ஒரு கூடாரத்தைக் காட்டினார். "இதைப் பாருங்க தம்பி. இதுல ஒட்டகமே படுக்கும்."

"ஒட்டகம் காலை மடிச்சுப் படுக்கும்" என்றாள் லுல்வா. "இவர் எதுக்கு மடிக்கணும்?"

மெத்தையை உள்ளே விரித்தாள். சந்தைக்கு வந்திருந்த நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். பர்ராக்கின் காதுமடல் சிவந்தது. "பார்த்தாலே தெரியுதே, படுக்கவும் வேணுமா?" என்று முணுமுணுத்தான். லுல்வா தானும் உள்ளே போய் வாசல் துணியை இழுத்து விட்டுவிட்டாள். மங்கலான வெளிச்சத்தில் இரண்டு பேர் மட்டும். அவன் படுத்தான். குறுக்காகப் படுத்தான், கோணலாகப் படுத்தான். நீளம் என்னவோ தரையில் இருந்தது. ஆனால் சுவர் சரிவாக இறங்குகிற இடத்தில், மெத்தையின் உயரமும் சேர்ந்ததில் மூக்கு துணியில் பட்டது. மறுமுனையில் கட்டைவிரல் பட்டது.

"லேசாத்தானே படுது. பரவாயில்ல."

"படகுல தார்ப்பாய்க்கு அடியில படுத்திருக்கேன் நான். விடியும்போது துணியில பனி முத்து முத்தா கோத்துக்கிட்டு நிக்கும். எந்த இடத்துல கால் பட்டுச்சோ, அந்த இடத்துல தண்ணி உள்ள இறங்கிடும். கம்பளி நனைஞ்சா அப்புறம் தூக்கமா? வேண்டாம், எழுந்திருங்க."

இரண்டாவது கூடாரம் நீளமாக இருந்தது, ஆனால் உயரம் கோழிக்கூடு. மூன்றாவது உயரம், ஆனால் நட்டநடுவே கம்பம். அந்தக் கம்பத்தை அவன் இடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு வளைந்து படுக்க வேண்டும். "இதுக்குப் பழைய சாக்கே தேவலை" என்று லுல்வா வெளியே வந்துவிட்டாள். அபூ ஜாபிருக்கு வியர்த்தது. குளிர்காலத்தில் வாடிக்கையாளர் வியர்க்க வைப்பது அபூர்வம். கடைசியில் அவர் பின்கட்டுக்கு அழைத்துப்போனார்.

அங்கே நின்றது கூடாரம். கெட்டித்துணியில் இரட்டை அடுக்கு, உள்பக்கம் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை நெய்த துணி. சுவர்கள் வீட்டுச் சுவர் மாதிரி நேராக எழும்பி, அதற்குமேல்தான் கூரை சரிந்தது. கம்பங்கள் ஓரமாக இருந்தன. லுல்வா மெத்தையை விரித்தாள். பர்ராக் படுத்தான். அவன் காலுக்கும் துணிக்கும் நடுவே அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து, சாண் வைத்துப் பார்த்தாள். தலைப்பக்கமும் பார்த்தாள். இடம் மிச்சம் இருந்தது.

"இப்ப எழுந்து நில்லுங்க."

நின்றான். தலையைக் குனிந்தபடியே நின்றான்.

"நிமிருங்க."

"நிமிர்ந்துதான் இருக்கேன்."

"இல்ல. இன்னும்."

அவன் முதலில் கையைத் தலைக்குமேல் தூக்கி, இருட்டில் சுவர் தேடுகிறவன் மாதிரித் துழாவினான். கைக்கு எதுவும் அகப்படவில்லை. பிறகு கழுத்து எழுந்தது, தோள் எழுந்தது, எங்கோ ஓர் எலும்பு சொடுக்கியது. லுல்வா தன் புருஷனை முதல்முறையாக முழுதாகப் பார்த்தாள். அழகாக இருந்தான். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பையன் மாதிரிச் சிரித்தான்.

"இது பெரிய வீட்டு விருந்தாளிக் கூடாரம்" என்றார் அபூ ஜாபிர் வெளியிலிருந்து. "தம்பி வீட்டுக்கு மூத்தவரோ?"

"கடைசி."

"ஓஹோ" என்றார் அவர். அந்த ஓஹோவில் ஏதோ இருந்தது. சந்தோஷத்தில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. வியாபாரம் முடிந்த மகிழ்ச்சியில் அவர் ஒரு பளபளப்பான காப்பிப் பானையையும் குவளைகளையும் இனாமாகக் கொடுத்தார்.

ஸுபியா பாலைவனத்தில் அண்ணன்களின் முகாம் ஏற்கெனவே எழும்பியிருந்தது. நடுவில் அப்பாவின் கூடாரம், அதன் பின்னால் ஒட்டினாற்போல் பெண்கள் கூடாரம், சுற்றிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சின்னச் சின்னப் படுக்கைக் கூடாரங்கள். வண்டியிலிருந்து இறங்கிய துணி மூட்டையைப் பார்த்து ஃபைஹான் இடுப்பில் கைவைத்தார். அவர் அப்பாவைப் போலவே குட்டை, குரல் மட்டும் நெட்டை.

"என்னடா பேரீச்சமரம், பள்ளிவாசல் கட்டப் போறியா?"

"முதுகு வலிக்குதுண்ணே. படுக்கத்தான்."

"நல்லாப் படு. மினாரா வைக்க மறந்துடாதே. பாங்கு சொல்ல நீயே நின்னுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மழை வந்தால் தண்ணீர் தேங்கக்கூடாது என்று பர்ராக் கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்துக் கூடாரத்தைப் போட்டான். போட்டவன் உள்ளே போய் நின்று பார்த்தான், படுத்துப் பார்த்தான், மறுபடி நின்று பார்த்தான். பாதைக்குப் போய் நின்று, தூரத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று மட்டும் அவன் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அபூ தலால் வந்தார். அப்பாவின் சிநேகிதர். ஒவ்வொரு வருஷமும் முகாமின் முதல் விருந்தாளி அவர்தான். பார்வை மங்கிய பிறகும் தன் வண்டியைத் தானே ஓட்டி வருவார், எதிரே வருகிறவர்கள்தான் உயிருக்குப் பயந்து கலிமா சொல்லிக்கொள்ள வேண்டும். ஃபைஹான் காலையிலிருந்தே அவருக்காகக் காப்பிக்கொட்டை வறுத்து, ஏலக்காய் இடித்து, புது மேலங்கி போட்டுத் தயாராக இருந்தார்.

தூசியைக் கிளப்பிக்கொண்டு வண்டி வந்தது. வந்தது, அப்பா கூடாரத்தைத் தாண்டியது, மேட்டில் ஏறியது, பர்ராக்கின் கூடாரத்து வாசலில் நின்றது.

"ஸலாமுன் அலைக்கும், வீட்டுக்காரங்களே!" என்றபடி பெரியவர் இறங்கினார்.

பர்ராக் தடுமாறிவிட்டான். வாசலில் இறங்கிய விருந்தாளியிடம் 'நீங்கள் பக்கத்துக் கூடாரத்துக்குப் போங்கள்' என்று சொல்வதைவிட, செருப்பால் அடித்துக்கொள்ளலாம். "வாங்க, வாங்க, உங்க வீடு" என்று உள்ளே அழைத்தான். லுல்வா ஓட்டமாக ஓடிப் புதுப் பானையில் காப்பி கொதிக்க வைத்தாள். பேரீச்சம்பழம் தட்டில் வைத்தாள். துணி இடுக்கு வழியாகப் பார்த்தாள். பர்ராக் நின்றுகொண்டு ஊற்றினான். நிமிர்ந்து நின்று ஊற்றினான். அவள் பார்த்தது அது ஒன்றைத்தான், வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

பிறகு ஃபைஹான் வந்தார். தம்பி கூடாரத்துக்குள் விருந்தாளி மாதிரி வந்து ஓரமாக உட்கார்ந்தார். பெரியவரின் சுகம் விசாரித்தார். தம்பி நீட்டிய காப்பியை ஒரே ஒரு குவளை குடித்தார், போதும் என்று குவளையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார், எழுந்து போனார். ஒரு கேலி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை.

மாலையில் ஃபைஹானின் மனைவி உம் நாஸிர், ரொட்டி மாவைப் பிசைந்தபடியே லுல்வாவுக்கு விஷயத்தை உடைத்தாள்.

"உன் மேல தப்பில்ல பொண்ணே. நீ கடல் பக்கம். இங்க வர்ற விருந்தாளி யாரு வீடுன்னு போர்டு பார்த்தா வருவான்? எந்தக் கூடாரம் ஒசந்து நிக்குதோ, அதுதான் வீட்டுப் பெரியவன் கூடாரம். மாமனார் காலத்துலேர்ந்து படுக்கற கூடாரம் ஒண்ணும் அவர் கூடாரத்தைத் தாண்டி எழும்பினதில்ல. தம்பி தனியா ஒசத்திப் போட்டு, தனிப் பானையில காப்பி வெச்சா, ஊர் என்ன சொல்லும்? அப்பன் போனதும் பிள்ளைங்க பிரிஞ்சிட்டாங்கன்னு சொல்லும்."

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த லுல்வாவின் கை நின்றுவிட்டது. "அவருக்கு முதுகு வலின்னுதான்..."

"எனக்குத் தெரியுது. அந்த மனுஷன் காலைலேர்ந்து வறுத்த காப்பி அப்படியே ஆறிப் போச்சு. அதைக் கீழே ஊத்தச் சொல்லிட்டாரு. அதான் எனக்குத் தாங்கல."

லுல்வா பர்ராக்கிடம் சொல்லப் போனபோது அவன் ஏற்கெனவே முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வண்டிப் பாதை வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்திருக்கிறான். அவன் கூடாரம் கோட்டை மாதிரி நின்றதாம், அதன் காலடியில் அப்பாவின் கூடாரம் கோழிக்கூடு மாதிரிக் கிடந்ததாம். இரண்டு பேரும் பேசாமல் துணியைச் சுருட்டினார்கள். லுல்வா அழுதாள். அவன் அவள் கண்ணீரைத் துடைக்கக் குனிந்தான், அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. உம் நாஸிர் கொடுத்த உபரிக் கூடாரத்தில் படுத்தார்கள். மாவுச் சாக்கு திரும்ப வந்தது. மாலையானால் பர்ராக் அப்பாவின் கூடாரத்தில் வளைந்து நின்று காப்பி ஊற்றினான். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "எதுக்குடா மன்னிப்பு? விடு" என்று அவர் அடுப்புக் கரியைக் கிளறினார். அதற்குமேல் பேச்சு எழவில்லை. பேரீச்சமரம் என்று கூப்பிடுவதில்லை, ஒட்டகம் என்பதில்லை. "பர்ராக், அந்தத் தட்டை எடு" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அண்ணன் தன்னை இத்தனை மரியாதையாகக் கூப்பிட்டதில்லை என்பது பர்ராக்குக்குப் பயமாக இருந்தது. அவர் சில சமயம் பேச்சின் நடுவே நிறுத்திவிட்டு, தம்பியின் வளைந்த முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை கோபம் என்றுதான் லுல்வா நினைத்தாள்.

"அடுத்த வருஷம் நாம வர வேண்டாம்" என்றான் பர்ராக் ஒரு விடிகாலையில், சாக்கைக் காலிலிருந்து கழற்றியபடி. "வேலை இருக்குன்னு சொல்லிடலாம். மெல்ல மெல்லப் பழகிடும்."

யாருக்குப் பழகிவிடும் என்று லுல்வா கேட்கவில்லை.

அன்றைக்கே காலையில் ஃபைஹான் வந்து நின்றார். "ரெண்டு பேரும் ஜஹ்ரா கடைத்தெருவுக்குப் போயிட்டு வாங்க. அடுப்புக்கரி வேணும். ஆட்டுக்குத் தீவனம். அப்புறம் குங்குமப்பூ. நல்லதாப் பார்த்து வாங்கு, அவசரப்படாதே."

போய் வாங்கினார்கள். திரும்பும்போது கைபேசி அடித்தது, பேரீச்சம்பழம் மறந்துவிட்டதாம், குவைத் நகரத்தில் இன்ன கடையில்தான் வாங்க வேண்டுமாம். அதை வாங்கியதும் கயிறு. கயிறு வாங்கியதும் எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்துக்கு மறுபடி ஜஹ்ரா.

"முகாம்ல நம்மளை வெச்சுக்கப் பிடிக்கல" என்றாள் லுல்வா காருக்குள். குரல் உடைந்துவிட்டது. "நாலு அண்ணன் தம்பிங்களை நான் ஒரு கூடாரத்தை வெச்சுப் பிரிச்சுட்டேன்."

பர்ராக் வண்டியை ஓரம் கட்டினான். காருக்குள்ளும் அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும்.

"இங்க பாரு. என் அம்மாவுக்குக்கூட நான் வளர்ந்துட்டேன்னு சட்டை வாங்கத்தான் தெரிஞ்சுது. எனக்கு என்ன தோதுன்னு மெத்தையைத் தூக்கிட்டு வந்து பார்த்தவ நீ ஒருத்திதான். ஒரு வெள்ளிக்கிழமை நான் நிமிர்ந்து நின்னு காப்பி ஊத்தினேன். எனக்கு அது போதும், சத்தியமா, வல்லாஹி."

"எனக்குப் போதாது" என்றாள் லுல்வா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். பாதைத் திருப்பத்திலிருந்து பார்த்தபோது எல்லாம் பழையபடிதான் இருந்தது. அப்பாவின் கூடாரம் முன்னால் நின்றது. கிட்டே வந்ததும்தான் பர்ராக் பிரேக்கைப் போட்டான். அந்த மேட்டுக்குப் பின்னால் தரை இறங்கி ஓடும் பள்ளத்தில், அவர்களுடைய கூடாரம் நின்றுகொண்டிருந்தது. கயிறுகள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டு, மழைத்தண்ணீர் ஒதுங்கிப் போகச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருந்தது. பாதையில் வருகிறவனுக்கு அதன் உச்சிகூடத் தெரியாது.

அப்பாவின் கூடாரத்துக்கு வெளியே புது மண் குவியலாகக் கிடந்தது. இரண்டு அண்ணன்கள் உள்ளங்கைக் கொப்புளத்தை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபைஹான் தலை முதல் கால் வரை புழுதியாக வாசலில் நின்றார். அபூ தலாலின் வண்டியும் நின்றது, இந்த முறை சரியான வாசலில்.

"குங்குமப்பூ வாங்கினியா?" என்றார் ஃபைஹான்.

"வாங்கினேன். என்னண்ணே இது?"

"உள்ள வந்து பாரு."

பர்ராக் குனிந்து உள்ளே நுழைந்தான். லுல்வா பெண்கள் கூடாரத்துக்கு ஓடி, நடுத்திரையின் தையல் பிரிந்த இடத்தில் கண்ணை வைத்தாள். உம் நாஸிர் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றாள்.

கூடாரத்தின் நடுவே தரை இல்லை. சுவர் ஓரமாக மூன்று பக்கமும் திண்ணை அளவுக்கு மண்ணை அப்படியே விட்டுவிட்டு, நடுப்பகுதி முழுவதையும் வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள். தாழ்ந்த தரையில் கம்பளம் விரித்து, அடுப்பும் காப்பிப் பானைகளும் அங்கே இறங்கியிருந்தன. ஓரத்தில் மெத்தை போட்டு அபூ தலால் நாற்காலியில் உட்காருவதைப் போலக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சுகம்.

"என் முழங்காலுக்கு இப்பத்தான்டா இந்த வீட்ல மரியாதை கிடைச்சிருக்கு" என்றார் அவர்.

"ஆளைக் குறைக்க முடியாது. தரையைக் குறைக்கலாம்ல?" ஃபைஹான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போகும்போது மூடிடலாம், தோண்டக்கூடாதுன்னு முனிசிபாலிட்டிக்காரன் வந்தா ஆளைக் காட்டு, அவனே புரிஞ்சுக்குவான். ம், இறங்கு."

பர்ராக் இறங்கினான். இறங்கியும் அவன் முதுகு வளைந்தே இருந்தது. இந்தக் கூடாரத்துக்குள் அவன் உடம்புக்கு வேறு எதுவும் தெரியாது. ஃபைஹானும் பின்னாலேயே இறங்கினார். இறங்கியதும் அவர் தலை தம்பியின் வளைந்த தோளுக்கும் கீழே போய்விட்டது. அண்ணன் ஏதோ சொல்லப் போகிறார் என்று பர்ராக் வழக்கம்போல் காதைக் கொடுக்க இன்னும் குனிந்தான். அவர் தம்பியின் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தார்.

"குனியாதே. நிமிரு."

"அண்ணே..."

"நிமிருடா பேரீச்சமரம்!"

பர்ராக் கையைத் தூக்கித் தலைக்குமேல் துழாவினான். பிறகு கழுத்து எழுந்தது. தோள் எழுந்தது. அப்பாவின் கூடாரத்துத் துணிக்கும் அவன் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. லுல்வா அதைக் கண்ணாலேயே அளந்தாள்.

ஃபைஹான் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் புழுதி விழுந்ததாகக் காட்டிக்கொள்ள முயன்று, தோற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா போனப்ப நீ என் தோள் உயரம்" என்றார். அந்த நெட்டைக் குரல் குட்டையாகிவிட்டது. "அதுக்கப்புறம் நீ வளர்ந்ததை நான் பார்க்கவே இல்லடா. நான் பார்க்கிறப்ப எல்லாம் நீ குனிஞ்சே இருந்தே. அன்னிக்கு உன் கூடாரத்துல காப்பி கொடுத்தப்பதான் பார்த்தேன். யாரு இதுன்னு ஆயிடுச்சு எனக்கு. பேச வரல."

அண்ணனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றால் குனிய வேண்டும், குனியக்கூடாது என்று உத்தரவு. பர்ராக் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"காப்பி என்னாச்சு?" என்றார் அபூ தலால். "இன்னிக்கும் ஆற வைக்கப் போறீங்களா?"

பர்ராக் இடது கையில் பானையை எடுத்தான். ஓரமாக உட்கார்ந்திருந்த விருந்தாளியின் கை இப்போது அவன் இடுப்புக்கு நேராக இருந்தது. முதல் குவளையை ஊற்றினான். பெரியவர் குடித்துவிட்டு, இன்னும் என்று நீட்டினார்.

திரைக்கு இந்தப் பக்கம் லுல்வா வாயில் கைவைத்து அழுதுகொண்டிருந்தாள். உம் நாஸிர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"சரி, சரி. எலுமிச்சம்பழம் எங்க? உங்களை எட்ட வைக்கத்தான் கேட்டாரு. ஆனாலும் வாங்கினது வாங்கினாச்சு, சோத்துக்குப் பிழிஞ்சுக்கலாம்."

லுல்வா பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி தையல் இடுக்குக்கே போனாள்.